மழைக்குப் பிறகும் காய்ந்து கிடந்த வீப் ஹோல்: ப்ரீகாஸ்ட் தாங்குசுவர் வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சைட்_டைரி
மண் சரியாமல் தாங்கும் சுவர், எல் வடிவ ப்ரீகாஸ்ட் (முன்பே வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட்) யூனிட், 4 மீட்டர் உயரம், மேலே வண்டி நிறுத்துமிடம். வைத்த பிறகு வந்த முதல் பெருமழை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு வீப் ஹோலில்கூட (சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற விடும் ஓட்டை) சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட வந்தவர்கள் "பாருங்க, சுவர் காய்ஞ்சு கிடக்கு" என்று சந்தோஷப்பட, எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலே கால் வைத்தால் மண் சதசதவென்று புதைகிறது, கீழே ஓட்டை காய்ந்திருக்கிறது, அப்படியானால் இத்தனை தண்ணீரும் எங்கே நிற்கிறது? கம்பியை விட்டுக் குத்தச் சொன்னேன். முதலில் களிமண் கூழாக வந்தது, அப்புறம் பழுப்புத் தண்ணீர் ஓர் ஆள் உயரத் தூரத்துக்குப் பீய்ச்சி அடித்தது, நிற்கவே இல்லை. டிராயிங்கில் ஜல்லி அடுக்கு, வடிகட்டும் துணி எல்லாம் இருக்கிறது. தோண்டினால் வெட்டி எடுத்த களிமண்ணையே உள்ளே தள்ளி மூடியிருக்கிறார்கள். இரண்டு யூனிட் மேல்முனையில் ஒரு விரல் அகலம் முன்னே வந்துவிட்டது.

கிரேன்_பக்கம்
நான் பார்த்தது தூக்கும்போது. ஸ்லிங் (தூக்கும் கயிறு) குட்டை, கோணம் ரொம்பப் படுத்துவிட்டது. இரண்டு கால் ஸ்லிங் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலும் மொத்த எடையில் 58 சதவீதம் சுமக்கும், அதுவே 30 டிகிரி என்றால் ஒவ்வொரு காலிலும் முழு எடை. யூனிட் முழங்கால் உயரம் எழும்பியதும் ஆங்கர் (தூக்குவதற்காக யூனிட்டில் பதித்த பிடி) கான்கிரீட்டைக் கூம்பாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கீழே யாரும் இல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மண்ணும்_சுவரும்
சைட்_டைரி சார், எல்லாப் பழியையும் களிமண் மேல் போட்டுவிடாதீர்கள். ரோலர் எவ்வளவு கிட்டே வந்தது என்று யாராவது பார்த்தார்களா? எங்களுடையது ஜியோகிரிட் (மண்ணுக்குள் அடுக்கடுக்காக விரிக்கும் வலை) வைத்த பேனல் சுவர். பின்னால் நிரப்பியது நல்ல மணல்தான். ஆனால் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பெரிய ரோலரைப் பேனலை ஒட்டி ஓட்டினார்கள். முன்பக்கம் நின்றிருந்த என் கண்ணெதிரே பேனலைப் பிடித்திருந்த மர ஆப்பு தெறித்து விழுந்தது, பேனல் வெளியே தள்ளி நின்றது. பேனலிலிருந்து 1 மீட்டருக்குள் கையால் தள்ளும் சின்ன காம்பாக்டர் (மண் இறுக்கும் கருவி) மட்டும்தான், அதுவும் மெல்லிய அடுக்காக.

ஓய்வு_டிசைனர்
என் கதை சின்னது. நன்றாக நின்ற சுவரின் முன்பாதத்தை (முன்பக்க அடிப்பகுதியை) ஒட்டி யாரோ கேபிளுக்குக் குழி தோண்டினார்கள், முன்னால் முட்டுக்கொடுத்த மண் போய்ச் சுவர் நகர்ந்தது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே நடக்கும் வாதத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மண்ணின் உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் அளவு) 30 டிகிரி, மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உயரம் 4 மீட்டர் என்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் மண் தள்ளுவது 48 கிலோநியூட்டன். பின்னால் தலைவரை தண்ணீர் நின்றால், ஊறிய மண்ணை 20 என்று எடுத்தாலும், மிதப்பால் மண்ணின் தள்ளல் 27 அளவுக்குக் குறையும், ஆனால் தண்ணீர் மட்டுமே 78 தள்ளும். மொத்தம் 105, இரண்டு மடங்குக்கும் மேல். வழுக்கலுக்கு 1.5 பாதுகாப்புக் காரணி, அதாவது தள்ளலைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி, வைத்து வரைந்த சுவர் இதற்கு எப்படி ஈடுகொடுக்கும்? அதனால் வடிகாலைத்தான் முதலில் பாருங்கள்: சுவரை ஒட்டி ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே துணி, அடியில் ஓட்டை போட்ட குழாய், அந்தக் குழாய்க்கு வெளியேற வழி. யூனிட்டுக்கு யூனிட் இடுக்கிலும் துணிப்பட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பொடிமண் அதன் வழியே கசிந்து மேலே தளம் உள்வாங்கும். உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு, கவிழ்க்கும் திருப்புமை எட்டு மடங்கு.

சைட்_டைரி
மண்ணும்_சுவரும், அங்கே ரோலரே வரவில்லை, அதுவே இன்னொரு குறை. டிசைனர் ஐயா, மேலே நிற்கும் வண்டிகளின் சுமைக்கு 10 கிலோபாஸ்கல் (சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன்) கணக்கில் சேர்த்திருக்கிறது, தண்ணீருக்கு எதுவும் சேர்க்கவில்லை, வடிந்துவிடும் என்றுதான் வரைந்திருக்கிறார்கள். இப்போது களிமண்ணை எடுத்து ஜல்லி போடுகிறார்கள். நகர்ந்த இரண்டு யூனிட்டையும் தூக்கித் திரும்ப வைக்கச் சொல்கிறேன், ஒப்பந்தக்காரர் அப்படியே விடலாம் என்கிறார். அடிப்பகுதியும் நகர்ந்ததா, மேல்முனை மட்டும் சாய்ந்ததா என்று நாளை அளந்துவிட்டு எழுதுகிறேன்.