தேக்குச் சீவலில் லிக்னின் முகடு தெரியவில்லை

கேள்வி: தேக்கின் வைரப்பகுதியிலிருந்து எடுத்த மெல்லிய சீவலை, கன்ஃபோகல் ராமன் நுண்ணோக்கியில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாலையைக் கொண்டு பொருளை அடையாளம் காட்டும் கருவி) 532 நானோமீட்டர் லேசரால் பார்க்கிறேன். செல்சுவரில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் எங்கே செறிந்திருக்கிறது என்று படமாக்க வேண்டும். சீவலின் ஒளிர்வு மலைபோல் எழுந்து, நிறமாலையில் லிக்னின் முகடு உட்பட எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. மூன்று நாட்கள் போய்விட்டன.

பதில்: வைரப்பகுதியில் ஊறியிருக்கும் சாறுப்பொருள்கள்மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். அசிட்டோனில் ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள். பிறகு நீர்த்துளியில் வைத்து, கண்ணாடி வில்லையால் மூடுங்கள். அப்போது லேசர் சூட்டில் சீவல் கருகாது.

இன்னொரு பதில்: 785 நானோமீட்டர் லேசருக்கு மாறினால் ஒளிர்வு பெரிதும் அடங்கும். சமிக்ஞையும் குறையும், பொறுமை வேண்டும். லிக்னின் முகட்டை நிறமாலையில் 1600 அலையெண்ணை (செ.மீ⁻¹) ஒட்டியும், செல்லுலோஸ் முகட்டை 1096 அருகிலும் தேடுங்கள்.

கேட்டவர்: ஐயா, கழுவியதே போதுமானதாக இருந்தது! 1600இல் முகடு நிமிர்ந்து நிற்கிறது. செல்கள் சந்திக்கும் மூலைகள் படத்தில் விளக்கேற்றியதுபோல் இருக்கின்றன. மிக்க நன்றி.