‘ஏதுவாளர்’ என்று வைப்போமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பட்டறையில் எல்லோரையும் பேசவைத்து, தான் முடிவு சொல்லாமல், குழுவே முடிவுக்கு வரும்படி பார்த்துக்கொள்கிறவரை, ஆங்கிலத்தில் facilitator எனப்படுபவரை, தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கொழும்பு வெள்ளவத்தையில் இளம் வங்கி அலுவலர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் இந்த வேலையைப் பழக்கி வருபவன் என்ற முறையில் என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

‘ஒருங்கிணைப்பாளர்’ வேண்டாம். அவர் மண்டபம் பதிவுசெய்து, தேநீர் வந்துவிட்டதா என்று பார்ப்பவர். ‘நெறியாளர்’ என்றால் இலங்கையில் நாடக நெறியாள்கைதான் முதலில் நினைவுக்கு வரும். நடிகர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற வேலை அது.

‘அனுசரணையாளர்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் நோர்வேயை நம் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. இரு தரப்பையும் பேசவைப்பவர், தீர்ப்புச் சொல்லாதவர் என்ற பொருள் அதற்குள் சரியாகவே இருந்தது. இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளையிடம் கேட்டால், கிரிக்கெட் போட்டிக்குக் காசு கொடுக்கும் கம்பனி என்பார். சொல் கைமாறிவிட்டது, இனித் திரும்ப வாங்க முடியாது.

மிஞ்சுவது ‘இலகுபடுத்துநர்’. பயிற்சிக் கையேடுகளில் பரவிவிட்ட சொல்தான். ஆனால் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இதில்தான். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘எளிது’ என்று பொருள். அந்த வேரைப் பெயர்த்தோம், வேலையைப் பார்க்கவில்லை. குழு அவசரப்பட்டு ஒரு முடிவுக்குத் தலையாட்டும்போது, ‘இதற்கு உடன்படாதவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டு அதைக் கடினமாக்குவதும் இவர் வேலைதானே. இந்தப் பெயரோடு வரும் பயிலுநர்கள் உண்மையிலேயே இலகுபடுத்தப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்பார்கள், மூன்று விநாடி மௌனம் பொறுக்காது, தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். அதனால் மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்கிறேன். சிங்களமும் தமிழும் கலந்த குழு என்றால் மொழிபெயர்ப்பு முடிந்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழில் யோசிப்பவர் வாய் திறக்குமுன் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும். கொழும்புக் கூட்டங்களில் நம் பிள்ளைகள் பேசாமல் இருந்துவிட்டு வருவதற்குக் கூச்சத்தைவிட இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

போன மாதம் ஒரு பயிலுநரிடம், ‘இந்த ஆள் என்ன செய்கிறார்?’ என்று கேட்டேன். ‘எல்லாரையும் கதைக்க விடுறவர், சேர்’ என்றார். இதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது.

அந்த ‘விடுதல்’ ஒலிக்கிற சொல் என்று பார்த்தால் ‘ஏதுவாளர்’. நான் ஆக்கியதல்ல, அங்கங்கே சிலர் எழுதுகிறார்கள். ‘பேச ஏதுவான சூழல்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, விளக்கம் தேவைப்படாது. ஏதுவாக்கு, ஏதுவாக்கல், ஏதுவாக்கல் திறன் என்று குடும்பமும் தடையில்லாமல் வளர்கிறது. அப்புறம், ‘வளவாளர்’ நம் பாடசாலைகளிலும் பட்டறைகளிலும் ஏற்கெனவே ஊன்றிய சொல். வளவாளர் விடயத்தைக் கொண்டுவருகிறார், ஏதுவாளர் குழுவிடம் இருப்பதை வெளியே எடுக்கிறார். நிகழ்ச்சி நிரலில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டாலே வேறுபாடு விளங்கும்.

‘ஏது’ வடமொழி ஹேதுவிலிருந்து வந்ததே என்று மறுப்பு வரலாம். மணிமேகலையிலேயே ‘ஏது நிகழ்ச்சி’ உண்டு. அவ்வளவு காலம் நம்மோடு இருந்த சொல்லை இப்போது வாசலில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

துணைச் சொற்களில் இரண்டை வகுப்பில் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். என்ன கண்டீர்கள், மனதில் என்ன பட்டது, இதற்கு என்ன பொருள், இனி என்ன செய்வோம் என்று போகும் கேள்வி வரிசைக்கு ‘நாற்படிக் கேள்வி’. தலைப்புக்கு வெளியே போகும் பேச்சைப் பிறகு எடுப்பதற்காக எழுதிவைக்கும் தாளுக்குத் ‘தரிப்பிடம்’. வாகனத் தரிப்பிடம் எல்லோருக்கும் தெரிந்ததால், ‘அதைத் தரிப்பிடத்தில விடுங்கோ’ என்று பிள்ளைகளே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தொடக்கத்தில் கூச்சம் போக்க ஆடும் விளையாட்டுக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ஆங்கில ice-breaker என்பதை அப்படியே பெயர்த்து ‘பனி உடைத்தல்’ என்று எழுதுகிறார்கள், அது நம் வாயில் ஒட்டவில்லை. ‘கூச்சந்தெளிதல்’ சரிவருமா? சனிக்கிழமை புதிய அணி வருகிறது, அதற்குமுன் எழுதுங்கள்.