குதிரைக் கரு மாற்றம்: எட்டாம் நாள் கரு, மூன்று ரெசிபியன்ட்: எதில் வைப்பது?

லாயம்77:
டோனர் (கரு தரும் குதிரை) மார்வாரி இனம், வயது 16. ஓவுலேஷனிலிருந்து (முட்டை விட்டதிலிருந்து) எட்டாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருவை எடுப்பதாகத் திட்டம். ரெசிபியன்ட் (கருவைச் சுமக்கப்போகும் குதிரை) மூன்று இருக்கின்றன.
அ: டோனருக்கு ஒரு நாள் முன்பே முட்டை விட்டது. கருப்பை தொளதொள, ஸ்கேனில் கொஞ்சம் நீர் தெரிகிறது.
ஆ: இரண்டு நாள் பிந்தியது. 6 வயது, ஒரு குட்டி ஈன்றது.
இ: ஐந்து நாள் பிந்தியது. 4 வயது, உடம்பு அருமை.
எதில் சினை நிற்கும்? தேதி முக்கியமா, கருப்பையா?

குளம்படி:
ஆ-தான். ரெசிபியன்ட் ஒரு நாள் முந்தியோ மூன்று நாள் பிந்தியோ இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. பிந்தியிருப்பதுதான் பாதுகாப்பு. கரு 16-ஆம் நாள் வரை கருப்பை முழுக்க உருண்டு திரிந்துதான் தன் இருப்பைத் தாய்க்குத் தெரிவிக்கிறது. ரெசிபியன்ட் அதிகம் முந்தியிருந்தால் கரு அதைச் செய்து முடிக்கும் முன்பே புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் சுரந்து, சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தரும் கார்பஸ் லூட்டியம் (முட்டை விட்ட இடத்தில் உருவாகும் திசு) கரைந்துவிடும்.

அ தேதிக்குள் அடங்குகிறது, ஆனாலும் வேண்டாம். நீர் தெரிகிற கருப்பையில் நல்ல கருவை வைப்பது வீண். இ-க்கு அன்று முட்டை விட்டு மூன்றாம் நாள்தான், புரோஜெஸ்டிரோன் போதுமான அளவு ஏறியிருக்காது. உடம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆ-வை வைக்கும் நாளன்று காலையில் மறுபடி பாருங்கள். கருப்பை குழாய் போல விறைப்பாக, வாய் இறுகி, ஸ்கேனில் உட்சுவர் மடிப்பு வீக்கமில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆ-வும் வேண்டாம்.

ஸ்ட்ரா_கன்:
குதிரை சரியாக இருந்தும் கை கெடுப்பது உண்டு. கருப்பை வாயை அதிகம் நோண்டினால் அதுவே புரோஸ்டாகிளாண்டினைக் கிளப்பும். வைப்பதற்குச் சற்று முன் ஃப்ளூனிக்சின் (புரோஸ்டாகிளாண்டினை அடக்கும் மருந்து) கிலோவுக்கு 1.1 மி.கி. ரத்தக்குழாயில் போடுவது அதற்குத்தான்.

எட்டாம் நாள் கரு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டலாம். கருவை ஏற்றும் மெல்லிய குழாயான ஸ்ட்ராவில் 0.25 மி.லி. அளவில் நெருக்காமல் 0.5-இல் ஏற்றுங்கள். திரவம், காற்று, கரு உள்ள திரவம், காற்று, திரவம் என்ற வரிசை. வைத்து முடித்ததும் ஸ்ட்ராவை ஒரு தட்டில் அலசி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கரு உள்ளேயே ஒட்டியிருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். கறுப்பு ரப்பர் வைத்த சிரிஞ்சை மட்டும் கரு பக்கம் கொண்டுவராதீர்கள். சில ரப்பர்கள் கருவுக்கு நஞ்சு.

லாயம்77:
ஏழாம் நாளே எடுத்தால்? கரு சிறிதாக இருக்கும், கையாளச் சுலபம்தானே.

குளம்படி:
இளம் டோனர் என்றால் சரி. 16 வயதில் கரு கருப்பைக்கு வந்து சேரவும் வளரவும் தாமதமாகலாம், எட்டே இருக்கட்டும். பிகானீரில் 2023 மே மாதம் பிறந்த மார்வாரி குட்டிக்கு எடுத்தது ஏழரை நாள் கரு. ஒன்பதுக்குத் தள்ளாதீர்கள், பெரிய கரு எளிதில் உடையும்.

தீவனக்கூடை:
டோனரின் வயதை இன்னும் கவனியுங்கள். வயதான குதிரையின் கரு பார்வைக்கு முதல் தரமாக இருந்தாலும் பிறகு கலைவது அதிகம். கருவின் 14-ஆம் நாள் ஸ்கேனில் பை தெரிந்ததும் கொண்டாட வேண்டாம். 25-இல் இதயத்துடிப்பு, பிறகு 45, 60 என்று பாருங்கள்.

ரெசிபியன்ட்டின் கருப்பை விறைப்பு குறைகிறது என்று அல்ட்ரெனோஜெஸ்ட் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மருந்து) தொடங்கினால் தினமும் கிலோவுக்கு 0.044 மி.கி. ஸ்கேன் பார்க்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது: கரு செத்த பிறகும் மருந்து அதை உள்ளேயே பிடித்து வைக்கும். சொந்தமாகக் கார்பஸ் லூட்டியம் இல்லாத ரெசிபியன்ட்டுக்கு நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் 100–120 நாள் வரை தேவை. மருந்து ஊற்றுபவர் கையுறை போடட்டும், தோல் வழியே ஏறும். கர்ப்பிணிகள் அந்தப் பாட்டிலைத் தொடவே கூடாது.