நனைந்துபோன இரத்தப் படலம்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, அவசர உதவி. 2010-ல் லயன் காமிக்ஸ் 18 பாகங்களைச் சேர்த்துக் கறுப்பு-வெள்ளையில் கொண்டுவந்த 'இரத்தப் படலம்' தொகுப்பு நனைந்துவிட்டது. மாடி வீட்டு அக்கா ராத்திரி இரண்டு மணிக்குத்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அது சுவரில் இறங்கி அலமாரிக்குள் வந்துவிட்டது. கேட்டால், "அப்பதான் தம்பி செடி நல்லா குடிக்கும்" என்கிறார். நல்ல மனுஷி, கோபப்படவும் முடியவில்லை.

பக்கங்களுக்கு நடுவே டிஷ்யூ வைத்து ஃபேனுக்குக் கீழே காயவைக்கிறேன். முதுகுப் பசை விட்டுப்போச்சு, பூஞ்சை வாசமும் வருகிறது. தனித்தனி இதழ்களாக இருந்திருந்தால் ஒன்றிரண்டோடு போயிருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பரவாமல் நிற்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? மதுரைப் பக்கம் நல்ல பைண்டர் இருந்தால் சொல்லுங்கள். ஓரம் வெட்டாமல் தைத்துத் தரணும். வெட்டினால் படம் போய்விடும்.