வீட்டில் பாடிப் பதிவுசெய்யும் ‘ப்ராஜெக்ட்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருச்சி, திங்கள் காலை

மடற்குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பெரிய நிறுவனங்களைச் சாராத அமெரிக்க ‘இண்டி ராக்’ இசைக்குழுக்களைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஓர் இதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கட்டுரை நெடுக ஒரே சங்கதிதான். யாரோ ஒருவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடிப் பதிவுசெய்கிறார். அதற்கு ஒரு குழுவின் பெயரைப் போலப் பெயர் வைக்கிறார். சில வருடங்களில் அது நிஜமாகவே குழுவாகிவிடுகிறது.

கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வர்ஜீனியாவின் லீஸ்பர்க்கில் வில் டோலிடோ என்ற இளைஞர், பிறர் காதில் விழாமல் பாட இடம் தேடி, குடும்பக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பாடினார். எதிரே இருந்த முன்சீட்டின் தலைச்சாய்வே பெயராகிவிட்டது. அப்படி எடுத்ததையெல்லாம் தொகுப்பு தொகுப்பாக பேண்ட்கேம்ப் தளத்தில் தானே ஏற்றிவந்தார். 2015இல் மேட்டடார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. இன்று அது முழுக் குழு.

இதை “வீட்டு ஒலிப்பதிவுச் செயல்திட்டமாகத் தொடங்கிய குழு” என்று எழுதினேன். இதழாசிரியர் ஓரத்தில் “உலக வங்கி நிதி கொடுத்ததா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ‘ப்ராஜெக்ட்’டுக்கு ஒரு நல்ல சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணம், திங்கள் காலை

அது செயல்திட்டம் அல்ல, செயற்றிட்டம். லகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும். எங்கள் பாடநூல்களில் செயற்றிட்டம் என்றுதான் இருக்கிறது.

திருச்சி, திங்கள் காலை

நன்றி ஐயா. செயற்றிட்டம் என்று எழுதினாலும் உலக வங்கி போகவில்லையே.

பெங்களூரு, திங்கள் மதியம்

ப்ராஜெக்ட் என்றே எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் தெர்மோகோல் ஒட்டும் பிள்ளைகூட அதைத்தான் சொல்கிறது. யாருக்கும் புரியாத சொல்லை உண்டாக்கி, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தையும் போட்டு, எதற்கு இந்த வேலை?

நெல்லை, திங்கள் இரவு

மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதை இந்த மடற்குழுவிலும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம். நிற்க. தெர்மோகோல் ஒட்டுவதும் இதுவும் ஒன்றல்ல என்பதே அந்தச் சொல் இங்கே உதவாது என்பதற்குச் சான்று.

குடிசைத் தொழில் என்கிறோம் அல்லவா? அந்த வழியில் ‘குடிசைப் பதிவு’ என்று முன்மொழிகிறேன். விஸ்கான்சினில் ஜஸ்டின் வெர்னன் என்பவர் 2006–07 குளிர்காலத்தில் தந்தையின் வேட்டைக் குடிலில் தனியே தங்கிப் பதிவுசெய்தவற்றிலிருந்தே பான் ஐவர் என்ற குழு வந்தது என்று பேரன் சொன்னான். குடில், குடிசை, எல்லாம் பொருந்துகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: குடி + இசை = குடிசை. குடும்பம் கூடி இசைத்த இடமே குடிசை என்று கொள்ள இடமுண்டு.

யாழ்ப்பாணம், திங்கள் இரவு

இடமில்லை ஐயா. “இ ஈ ஐவழி யவ்வும்” என்பது நன்னூல். நூற்பா 162. குடி + இசை குடியிசை என்றுதான் ஆகும்.

சென்னை, செவ்வாய் காலை

குடியிசை என்றால் டாஸ்மாக் வாசலில் பாடுவது என்று நினைப்பார்கள். ஆனால் கைடட் பை வாய்ஸஸ் குழுவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஒஹையோவின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் போலார்ட், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டு நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் எடுத்த பாட்டுகள்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தன. பின்னாளில் மேடை ஏறியபோது பீர்ப்பெட்டியும் கூடவே ஏறும்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன், அதனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதற்குக் காரணம் குடிசையும் இல்லை, காரும் இல்லை. பெட்டிதான். 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு ட்ராக், அதாவது ஒலித்தடம், இருக்கும். இந்தப் பெட்டி நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டியது. கிடாரை ஒன்றில் வாசி, கேட்டுக்கொண்டே இரண்டாவதில் பாடு, மூன்றாவதில் டிரம். மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டால் முதல் மூன்றும் மறுபடி காலி. நாங்கள் ‘பௌன்ஸ்’ பண்ணுவது என்போம். ஒவ்வொரு பௌன்ஸுக்கும் இரைச்சல் ஒரு படி ஏறும். அது போகட்டும், ஒரே ஆள் நாலு பேராகிவிடலாம். ஆள் சேராமலே குழு.

‘டெமோ’ என்று யாராவது சொல்வதற்கு முன்: இல்லை. டெமோ என்பது பிறகு நல்லபடியாக எடுக்கப்போவதன் மாதிரி. இவர்களுக்கு எடுத்ததே முடிவு.

பெங்களூரு, செவ்வாய் காலை

1982இல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி வீட்டில் அதே பெட்டியில் டெமோவாக எடுத்ததுதானே அப்படியே தொகுப்பாக வந்தது? குழுவோடு எடுத்துப் பார்த்து, சரிப்படாமல், கேசட்டுக்கே திரும்பினார்.

சென்னை, செவ்வாய் மதியம்

உண்மைதான். எதிர்த்திசையிலும் உண்டு. டோலிடோ 2011இல் தனியாக வெளியிட்ட ஒரு தொகுப்பைக் குழுவோடு முழுவதும் திரும்பப் பதிவுசெய்து 2018இல் வெளியிட்டார். ஏழு வருடம் கழித்து அது டெமோவாகிவிட்டதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. முதல் பதிவுதான் மேல் என்று சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திருச்சி, செவ்வாய் மதியம்

இதோடு ‘லோ-ஃபை’ என்ற சொல்லும் கட்டுரையில் வருகிறது. அதற்கும் ஏதாவது?

நெல்லை, செவ்வாய் மாலை

‘ஃபை’ என்பது ஃபிடெலிட்டி. மூல ஒலிக்கு மெய்யாக இருத்தல் என்பதே அதன் பொருள். அந்த மெய்ம்மை குறைந்தது ‘தாழ்மெய்யொலி’.

யாழ்ப்பாணம், செவ்வாய் மாலை

மெய்யொலி என்றால் க், ங், ச். மாணவர்கள் ‘தாழ்மெய்யொலி யாவை’ என்று வினாத்தாளில் எதிர்பார்ப்பார்கள்.

நெல்லை, செவ்வாய் இரவு

அப்படியானால் ‘குறைமெய்ப்பாடு’. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்கிறார். நகையே அழுகை இளிவரல் மருட்கை...

சென்னை, செவ்வாய் இரவு

ஐயா, இந்தப் பாட்டுகளில் குறைவது ஒலியின் சுத்தம் மட்டும்தான். அழுகைக்கு ஒரு குறையும் இல்லை.

பெங்களூரு, புதன் காலை

லோ-ஃபை விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறுகிறேன். நியூஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ வானொலியில் 1986 வாக்கில் வில்லியம் பெர்கர் அந்தப் பெயரில் வீட்டுப் பதிவுகளை ஒலிபரப்பியபோது அதற்கு இருந்த பொருள் வேறு. இன்று தமிழ் வாசகரிடம் லோ-ஃபை என்றால் இளையராஜா பாட்டை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் மழைச்சத்தம் போட்டு யூடியூபில் ஏற்றுவது. இன்னொரு பக்கம் ‘ஹைஃபை’ என்றால் பகட்டு. ‘ரொம்ப ஹைஃபையான குடும்பம்.’ இரண்டுமே கட்டுரையைக் கெடுத்துவிடும். ‘கரட்டு ஒலி’ என்று வைக்கலாமா?

திருச்சி, புதன் காலை

கரட்டு ஒலி நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொண்டேன். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம், தயவுசெய்து. ‘ப்ராஜெக்ட்’டுக்கு வாருங்கள்.

கோவை, புதன் மதியம்

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இசை தெரியாது, செடி தெரியும். ‘பதியம்’ என்று வைத்தால் என்ன?

எங்கள் ஊரில் மல்லிகைக்குப் பதியம் போடுவோம். கிளையை வெட்டுவதில்லை. தாய்ச்செடியில் இருக்கும்போதே வளைத்து, நடுவில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். அதுபாட்டுக்குக் கிடக்கும். வேர் பிடித்த பிறகுதான் தாயிடமிருந்து வெட்டுவது. அப்புறம் அது தனிச்செடி. பதிதல் என்பதுதான் இரண்டுக்கும் வேர். ஒலிப்பதிவிலும் பதி, பதியத்திலும் பதி. நீங்கள் சொல்கிற கதையும் இதுதானே?

திருச்சி, புதன் மதியம்

உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டுரையில் செபடோ என்ற குழு வருகிறது. டைனோசர் ஜூனியர் குழுவில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்த லூ பார்லோ, அங்கே இருந்தபடியே எரிக் காஃப்னியோடு வீட்டுக் கேசட்டுகளில் பதிவுசெய்துவந்தார். 1989இல் தாய்க்குழு அவரை வெளியேற்றியது. அதற்குள் கேசட்டு வேர் பிடித்திருந்தது. கல் வைத்தது முதல் வெட்டியது வரை அப்படியே பதியம்!

நெல்லை, புதன் இரவு

கோவைக்காரருக்கு என் வணக்கம். அவரே அறியாத ஒன்றைச் சொல்கிறேன். பதியம் இசைச்சொல்லும்கூட. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின்படி ‘திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய’, அதாவது தேவாரம் பாட, இராசராசன் நாற்பத்தெட்டுப் பேரை அமர்த்தினான். உடன் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக ஐம்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாட்டு, பதிவு, நாற்று மூன்றும் ஒரு சொல்லில் நிற்கின்றன. இதைவிட என்ன வேண்டும்?

யாழ்ப்பாணம், வியாழன் காலை

ஒரு சங்கடம். அந்தப் பதியம் பதிகத்தின் திரிபா, பத்யம் என்ற வடசொல்லின் திரிபா என்று இரண்டு கட்சி உண்டு. நெல்லை ஐயா எந்தக் கட்சி?

நெல்லை, வியாழன் காலை

பத்து பத்தாகப் பாடியதால் பதிகம், அதிலிருந்து பதியம். ஐயமே இல்லை.

யாழ்ப்பாணம், வியாழன் காலை

அப்படியென்றால் பதிதலுக்கும் அதற்கும் உறவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மூன்றும் ஒரு சொல்லில் நிற்கவில்லை, ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்கின்றன.

சென்னை, வியாழன் மதியம்

வேர் எப்படியோ போகட்டும், எனக்கு வேறு தொந்தரவு. பதியத்துக்குத் தாய்ச்செடி வேண்டும். செபடோவுக்கு இருந்தது. டோலிடோவுக்கு ஏது தாய்? பின்சீட்டா?

மவுன்டன் கோட்ஸ் கதையும் அதுதான். ஜான் டார்னியல் கலிஃபோர்னியாவின் நார்வாக்கில் மனநல மருத்துவமனைச் செவிலியராக இருந்தவர். 1991 முதல் பானாசோனிக் கேசட் ரேடியோவில் இருந்த சின்ன மைக்குக்கு முன் கிடாரோடு உட்கார்ந்து பாடினார். மோட்டார் சுற்றும் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகும். நான்கு ட்ராக்கெல்லாம் இல்லை, முந்தாநாள் நான் பெட்டியைப் பற்றி அளந்ததை இவர் ஒருவரே பொய்யாக்கிவிடுவார். 2002இல்தான் 4ஏடி என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்காக முறையான கூடத்தில் குழுவாகப் பதிவுசெய்தார். எந்தக் கிளையிலிருந்தும் வளைத்து வைத்ததல்ல, தானாக முளைத்தது.

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

தானாக முளைத்ததற்குச் சொல் இருக்கிறதே. தான்தோன்றி. தானாகத் தோன்றிய லிங்கத்தை அப்படித்தானே சொல்கிறோம்.

கோவை, வியாழன் மதியம்

எங்கள் வீட்டில் தான்தோன்றி என்றால் வசவு. சொன்ன பேச்சுக் கேட்காதவன்.

சென்னை, வியாழன் மதியம்

ராக் பாடுகிறவனுக்கு அது வசவா, பாராட்டா?

பெங்களூரு, வியாழன் இரவு

நாளை வெள்ளி. நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்துக்கு மேல் மடல்கள். பேசாமல் ‘வீட்டுப்பதிவு’ என்று முடியுங்கள்.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

வீட்டுப்பதிவா? உங்கள் ஊரில் அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டுமே.

திருச்சி, வெள்ளி காலை

இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ‘ப்ராஜெக்ட்’ என்ற பெயர்ச்சொல் இருபத்திரண்டு இடத்தில் வருகிறது. பத்தொன்பது இடத்தில் அதற்குச் சொல்லே தேவையில்லை. “டோலிடோ அந்தப் பெயரில் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்துவந்தார், பிறகு அது குழுவானது.” வினையில் எழுதினால் ஓடுகிறது. செபடோ வரும் இரண்டு இடத்தில் பதியம், ஒரு வரி விளக்கத்தோடு. அனுப்பிவிடட்டுமா?

சென்னை, வெள்ளி காலை

அனுப்புங்கள்.

பெங்களூரு, வெள்ளி காலை

அனுப்புங்கள் அம்மா.

கோவை, வெள்ளி காலை

சரி. விளக்கத்தில் கல்லை விட்டுவிடாதீர்கள்.

நெல்லை, வெள்ளி மதியம்

வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது மொழிபெயர்ப்பாகலாம், கலைச்சொல்லாக்கம் ஆகாது. நாளை ஒருவர் அகராதிக்கு உள்ளீடு கேட்டால் “பாடிப் பதிவுசெய்துவந்தார்” என்றா கொடுப்பீர்கள்? பதியம் என்பதே பொதுச்சொல் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. தாயில்லாதவற்றுக்கும் அதுவே. அந்த மல்லிகை நுணுக்கத்தை எந்த வாசகர் பார்க்கப்போகிறார்?

கோவை, வெள்ளி மதியம்

நான் பார்ப்பேன் ஐயா.

யாழ்ப்பாணம், வெள்ளி மாலை

இருபத்திரண்டில் பத்தொன்பதும் இரண்டும் போனால் ஒன்று மிச்சம். அங்கே என்ன எழுதினீர்கள்?

திருச்சி, வெள்ளி இரவு

அது தலைப்பு ஐயா. காலியாக விட்டு அனுப்பியிருக்கிறேன்.