வாடகை வீட்டுக் கூடத்தின் மூலையில் குடும்பத்துக்கே ஒரு பணியிடம்: குறைந்த செலவில் எப்படி அமைப்பது?

பல்லாவரம் கணக்காளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பல்லாவரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஐந்தாம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய மருத்துவச் சீட்டுகள் மட்டுமே ஒரு பை நிறைய இருக்கின்றன.

கூடத்தில் சன்னலை ஒட்டி ஏழு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள ஒரு மூலை காலியாக இருக்கிறது. அதை எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தும் பணியிடமாக ஆக்க விரும்புகிறேன். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் ஐந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. நாமே செய்துகொள்ளக்கூடிய வழிகளைச் சொன்னால் நன்றாக இருக்கும். காகிதங்கள் கலந்துபோவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. போன வாரம் மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒரு கடையின் கொள்முதல் பில்களுக்கு நடுவிலிருந்து கிடைத்தது.

பழைய பதிவறைக்காரர்

வணக்கம் சகோதரி. ஓய்வு பெறும் வரை ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பலகையும் அலமாரியும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காகிதங்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். எத்தனை தட்டு வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பாதிக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லாதவை என்று தெரியவந்தால் சிறிய அலமாரியே போதும்.

வங்கி, பள்ளி, மருத்துவம் என்று பொருள் வாரியாகப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் பிரிக்கலாம், ஆனால் அதோடு கூட, ஒரு காகிதம் எத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பை மூடும்போதே அதன் மேலட்டையில் ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று எழுதிவிடுவோம். பிற்பாடு அதைக் கழிக்கலாமா வேண்டாமா என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கடைக்கு ஒரு பாக்ஸ் ஃபைல் என்று வைத்து, முதுகில் ஆண்டையும், கழிக்கலாம் என்ற மாதத்தையும் தடித்த பேனாவால் எழுதிவிடுங்கள். கணக்கு முடிந்தவற்றைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. அவர்களுடைய பில்கள் உங்கள் கூடத்தில் இடம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டு ஆவணங்களில் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பாருங்கள். பட்டா, சிட்டா நகலும் வில்லங்கச் சான்றும் இன்று இணையத்திலேயே எடுத்துக்கொள்ளக் கூடியவை. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் வழங்கும் துறையிடமிருந்து நேரடியாக வரும் ஆவணங்கள் மூலத்துக்குச் சமமானவை என்று 2017 முதல் விதியே இருக்கிறது. நாமாகப் படம் எடுத்து அதில் ஏற்றி வைப்பவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. பதிவு செய்த மூலப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ்கள் போன்றவை தொலைந்தால் அலைய வேண்டியிருக்கும். அவற்றைத் தனியே ஒரே ஃபைலில் வையுங்கள். துளை போட வேண்டாம். லேமினேஷனும் வேண்டாம், ஏனென்றால் பின்னால் எங்கேனும் முத்திரை வைக்க நேர்ந்தால் அதில் இடம் இருக்காது, பிரித்தெடுக்கப் போனால் தாளும் கிழியும். பாலிபுரொப்பிலீன் உறைகள் நல்லவை. மலிவான பிவிசி உறைகளில் நாளடைவில் ஜெராக்ஸ் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்று. எங்கள் பதிவறையில் ஒரு கோப்பை எடுத்தால் அந்த இடத்தில், யார் எடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார் என்று எழுதிய நீளமான அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டுத்தான் போக வேண்டும். கோப்பு திரும்பி வரும்போது அட்டை வெளியே வரும். பழைய கல்யாணப் பத்திரிகையை நீளவாக்கில் வெட்டினால் இதற்கு வேண்டிய அட்டை கிடைத்துவிடும். சான்றிதழைப் பள்ளிக்கு எடுத்துப் போன மகளும், ஆதாரை வங்கிக்கு எடுத்துப் போன கணவரும் இதைக் கடைப்பிடித்தால் தேடுகிற வேலையே இருக்காது.

திருச்சி இல்லத்தரசி

ஐயா சொன்னதோடு மாமியாரின் மருத்துவச் சீட்டுகளைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அவற்றை மற்றக் காகிதங்களோடு அலமாரியில் வைக்காதீர்கள். தனி ஃபைலாக்கி, ஒரு மஞ்சப்பையில் போட்டு, சன்னல் கம்பியில் ஒரு எஸ் கொக்கியில் மாட்டிவிடுங்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் வீட்டில் யார் இருந்தாலும் கையை நீட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஃபைலின் முதல் தாளில் இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, இரத்த வகை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, காப்பீட்டு அட்டையின் நகலையும் அதன் பின்னாலேயே வைத்துவிடுங்கள். பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கும்போது புதியது மேலே இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பில்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் தரும் வழுவழுப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சிடப்படுபவை. சில மாதங்களில், அதிலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரமாகவே, எழுத்து மங்கிவிடும். உத்தரவாதத்துக்கோ காப்பீட்டுக்கோ தேவைப்படும் ரசீது என்றால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

மரவேலை விரும்பி

அளவைக் கொடுத்துவிட்டீர்கள், ஆகவே கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன். ஏழு அடி நீளத்தில் ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவான மேசையும், அதன் வலது ஓரத்தில் ஓரடி ஆழமுள்ள அலமாரியும் வரலாம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி நீளமாக வைக்காமல், சுவரிலிருந்து அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி குறுக்காக வையுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாத் தட்டுகளும் கைக்கு எட்டும். கூடத்தின் மற்றப் பகுதியிலிருந்து ஒரு தடுப்பாகவும் இருக்கும்.

இதற்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே போதும். ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண ரகம் வாங்குங்கள். நீர் படாத கூடத்துக்கு ஐஎஸ் 710 மரைன் ரகம் வீண்செலவு. கடையிலேயே இயந்திரத்தில் வெட்டித் தருவார்கள். முதலில் நீளவாக்கில் இரண்டடி அகலமுள்ள இரண்டு துண்டுகளாகப் பிளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ஐந்து அடி பத்து அங்குலம் மேசைக்கு. மிச்சம் இரண்டடிச் சதுரம் வரும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை மறுபடி நீளவாக்கில் பாதியாக்கி, மூன்றடி நீளத்தில் நான்கு தட்டுகள் எடுக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும் என்பதால் தட்டுகள் சரியாக ஓரடி இருக்காது. அதனால் இரும்புச் சட்டத்தின் அளவைத் தட்டுகள் கைக்கு வந்தபின் முடிவு செய்யுங்கள்.

சட்டத்துக்குப் பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளையிட்ட எல் வடிவ இரும்புப் பட்டை) தேடுங்கள். அலுவலகத்தை மூடுபவர்களும் பழைய இரும்புக் கடைக்காரர்களும் எடைக்கு விற்பார்கள். தட்டுகளில்லாமல் ஆங்கிள் மட்டும் கேட்டால் மலிவாகக் கிடைக்கும். ஐந்தடி உயரத்தில் நான்கு கால்கள், நான்கு மூலைகளிலும் கார்னர் பிளேட். போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் முடுக்கி, சட்டம் முழுவதும் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் கடைசி மூலை சேராது. அடித்தட்டு தரையிலிருந்து நான்கு அங்குலமாவது மேலே இருக்கட்டும், சுவரை ஒட்டிய பக்கம் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியிருக்கட்டும். மழைக்காலத்தில் சுவர் ஓதமிழுத்தாலும் காகிதத்துக்கு வராது, கரையான் மண்கோடு போட்டு ஏறினாலும் உடனே கண்ணில் படும். 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ எடை. பாக்ஸ் ஃபைல்கள் நிறைந்த தட்டின் பாரத்தை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கனமானவற்றைக் கீழேயே வைத்து, சட்டத்தின் மேல்பகுதியைச் சன்னல் கம்பியோடு கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுங்கள். வீட்டில் சிறுவன் இருக்கிறான், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

மேசைக்குக் கால்களாகப் பழைய தையல் இயந்திரத்தின் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு கிடைத்தால் அதைவிட உறுதியானது வேறில்லை. கிடைக்காவிட்டால் அதே ஆங்கிளில் செய்துகொள்ளலாம். பலகையோடு சேர்த்து உயரம் 29 அங்குலம் இருக்கட்டும். பின்விளிம்புக்கு அடியில் நீளத்துக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஃபெவிகாலும் திருகும் போட்டால் நடுவில் தொய்யாது. விளிம்புகளை 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 220 எண் தாளாலும் தேய்த்து இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். எடுத்துவைத்த இரண்டடிச் சதுரத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மகனுக்குக் கால்வைக்கும் பலகையாக்குங்கள். 29 அங்குல மேசை அவனுக்கு உயரம் என்பதால் நாற்காலியில் தலையணை போட வேண்டிவரும், அப்போது கால் தொங்கக் கூடாது.

பல்லாவரம் கணக்காளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குறுக்காக வைக்கும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. அந்த மூலையில் ஒரே ஒரு மின் இணைப்புப் புள்ளிதான் இருக்கிறது. மடிக்கணினிகள் இரண்டு, ரவுட்டர், லேசர் பிரிண்டர் எல்லாவற்றையும் அதில் போடலாமா? மற்றொன்று, நான் எழுந்ததும் மகள் உட்கார வேண்டும் என்றால் என் பொருள்களை எங்கே ஒதுக்குவது?

வயரிங் தெரிந்தவர்

ஆறு ஆம்பியர் பிளக் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். மடிக்கணினி ஒன்றுக்கு 65 வாட், ரவுட்டருக்குப் பத்து பதினைந்து வாட் என்று வைத்தாலும் அவை ஒரு பொருட்டில்லை. லேசர் பிரிண்டர்தான் அச்சிடத் தொடங்கும்போது உள்ளிருக்கும் உருளையைச் சூடாக்கச் சட்டென்று அதிக மின்சாரத்தை இழுக்கும். அது ஓடும் நேரத்தில் அதே இணைப்பில் இஸ்திரிப் பெட்டியோ கெட்டிலோ கூடவே கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பிலும் பிரிண்டரைப் போடாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் தனித்தனி சுவிட்சும் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வாங்குங்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இழுப்பது ஆபத்து.

பெட்டியைத் தரையில் போடாமல் மேசைப் பலகையின் அடியில் இரண்டு திருகுகளில் தொங்கவிடுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் படாது. வயர்களுக்கு முக்கால் அங்குல வயரிங் பைப்பை நீளவாக்கில் கத்தியால் கீறி, அதற்குள் வயர்களைச் செருகி மேசைக் காலோடு கட்டிவிட்டால் சுவரைத் தொட வேண்டியதே இல்லை. சார்ஜர் முனைகள் கீழே நழுவாமல் இருக்க, மேசை விளிம்பில் பெரிய பைண்டர் கிளிப் மாட்டி அதன் கம்பி வளையத்துக்குள் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அடாப்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதுங்கள். ரவுட்டர் அடாப்டரும் வேறு ஏதாவதொன்றின் அடாப்டரும் ஒரே முனையோடு இருக்கும், ஆனால் வோல்ட் மாறியிருக்கும். தவறி மாற்றிப் போட்டால் கருவி போய்விடும்.

திருச்சி இல்லத்தரசி

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். மேசைமேல் யாருடைய பொருளும் தங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பெட்டி கொடுங்கள். பட்டுப் புடவை வாங்கும்போது தரும் தடித்த அட்டைப் பெட்டியில் ஏ4 தாள் தட்டையாக வைக்க இடம் இருக்கும். மேலே பழைய காட்டன் புடவைத் துணியை மைதாப் பசையால் ஒட்டினால் அழகாகவே இருக்கும், ஆனால் பசை ராமபாணப் பூச்சியை இழுக்கும் என்பதால் காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது வழக்கம்; அது விஷம், அதனால் பிள்ளைகள் கையில் படாதபடி நீங்களே செய்யுங்கள், அல்லது ஃபெவிகாலே போதும். எழும்போது பேனா, கால்குலேட்டர், அன்றைய வவுச்சர்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரியில் அவரவர் தட்டுக்குப் போய்விட வேண்டும். மகனுக்கு அவன் கை எட்டும் தட்டைக் கொடுங்கள். உங்கள் பெட்டி மட்டும் மேல்தட்டில் இருக்கட்டும், ஏனென்றால் அது மற்றவர்களுடைய கணக்கு.

கணவர் வீடியோ கூட்டத்தில் பேசும்போது பின்னால் கூடம் தெரியாமல் இருக்கவும் எதிரொலி குறையவும், அலமாரியின் முதுகுப் பக்கத்தில் பவானி ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஸ்லாட்டட் ஆங்கிள் துளைகளில் எஸ் கொக்கிகளே போதும்.

பழைய பதிவறைக்காரர்

ஃபைல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லறையில் வாங்காமல் பாரிமுனைக்கு ஒருநாள் போய்வாருங்கள். ஆண்டர்சன் தெருவில் தாளும் எழுதுபொருளும் மொத்த விலைக்குக் கிடைக்கும். பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வையுங்கள். காகிதத்தின்மேல் நேராக வைக்க வேண்டாம், கறை படியும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் எல்லா ஃபைல்களையும் வெளியே எடுத்து, வெயிலில் அல்லாமல் மின்விசிறிக் காற்றில் விரித்து வைத்து அடுக்குங்கள். கழிக்க வேண்டிய தேதி கடந்தவற்றை அந்த நாளிலேயே பிரித்தெடுத்து, கணக்கு எண்ணோ கையொப்பமோ உள்ள தாள்களைக் கிழித்த பின்பே பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்.