சீட்டுக்கு ஞாபகம் உண்டு

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை, இரவு 8:10

பிரியா: அண்ணா, அமெரிக்காவில் இருக்கிற எம்.ஐ.டி. மாணவர்கள் கசினோவில் சீட்டாடி நிறையப் பணம் ஜெயித்தார்களாமே, நிஜமா?

நான்: நிஜம்தான். பிளாக்ஜாக் என்ற ஆட்டம். 21ஐத் தாண்டாமல் டீலரைவிட, அதாவது கசினோ சார்பில் சீட்டுப் போடுகிறவரைவிட, அதிகமாகச் சேர்க்க வேண்டும். 1970களின் கடைசியில் ஆரம்பித்து, பல வருஷம் அணி அணியாகப் போய் ஆடியிருக்கிறார்கள்.

பெரியப்பா: தம்பி, முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு நிகழ்தகவு நடத்தியவன் நான். பத்து முறை தலை விழுந்தாலும் பதினோராவது முறை பாதிக்குப் பாதிதான். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. கசினோவை யாரும் ஜெயிக்க முடியாது.

நான்: நாணயத்துக்குக் கிடையாது பெரியப்பா. ரூலெட் சக்கரத்துக்கும் கிடையாது. ஆனால் சீட்டுக்கட்டுக்கு உண்டு. ஒரு கட்டில் நான்கு ஏஸும் வெளியே வந்துவிட்டால், மறுபடி கலைக்கிறவரை அதிலிருந்து ஏஸ் வராது.

பெரியப்பா: ம். பையிலிருந்து பந்தை எடுத்துத் திரும்பப் போடாத கணக்கு. சரி, மேலே சொல்லு.

நான்: அவர்கள் சீட்டை எண்ணும் முறை இதுதான். 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் கூட்டல் 1. 7, 8, 9க்கு ஒன்றுமில்லை. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸுக்குக் கழித்தல் 1. மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வர வேண்டும். எண் ஏற ஏற, மிச்சமிருப்பதில் பெரிய சீட்டு அதிகம். அது நமக்குச் சாதகம். ஆறு கட்டைச் சேர்த்து ஆடும் மேஜை என்றால், வந்த எண்ணை இன்னும் எத்தனை கட்டு மீதியோ அதால் வகுக்க வேண்டும்.

அத்தை: பெரிய சீட்டு டீலருக்கும்தானே வரும்?

நான்: வரும் அத்தை. ஆனால் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் நமக்கு ஒன்றரை மடங்கு தருவார்கள். டீலருக்கு வந்தால் நாம் கட்டிய தொகை மட்டும்தான் போகும். இன்னொன்று, கையில் 16 இருக்கிறவரை டீலர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும், விதி அப்படி. நாம் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளலாம். பெரிய சீட்டு நிறைய மிச்சமிருந்தால் அவர்தான் 21ஐத் தாண்டி விழுவார்.

நான்: இப்படி ஜெயிக்க முடியும் என்று கணக்குப் போட்டு நிரூபித்தவர் எட்வர்ட் தார்ப். எம்.ஐ.டி.யில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். அங்கிருந்த ஐ.பி.எம். 704 கணினியில் போட்டுப் பார்த்து, 1962இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அம்மா: இது ஏமாற்று வேலை இல்லையா? போலீஸ் பிடிக்காதா?

நான்: மனசில் எண்ணுவது அங்கே குற்றமில்லை அம்மா. கருவி வைத்து எண்ணினால்தான் நெவாடா மாநிலத்தில் குற்றம். ஆனால் கசினோக்காரர்கள் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். நியூ ஜெர்சியில் அப்படித் தடுக்கக் கூடாது என்று 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, கென் யூஸ்டன் என்ற பிளாக்ஜாக் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில்.

அத்தை: லாபம் எவ்வளவு வரும்?

நான்: எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான் அத்தை. பிசகாமல் எண்ணினாலும் சாதகம் ஒரு சதவீதம் அளவுதான். நூறு டாலர் கட்டினால் சராசரியாக ஒரு டாலர். ஒரு ராத்திரியில் அது கண்ணுக்கே தெரியாது, கொண்டுபோனதெல்லாம் போகவும் செய்யலாம். அதனால்தான் பணத்தைப் பொதுவில் போட்டு அணியாக ஆடினார்கள். 1980இல் அணியை நடத்த பில் கப்ளான் என்பவர் வந்து சேர்ந்தபோது மூலதனம் 89,000 டாலர். பத்து வாரத்தில் இரட்டிப்பானது. பரீட்சை வைத்து, தேறியவர்களைத்தான் மேஜைக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த அணிகளில் ஒருவர் சின்னத் தொகை கட்டி எண்ணிக்கொண்டே இருப்பார். எண் ஏறியதும் சைகை காட்டுவார். வேறொருவர் வந்து உட்கார்ந்து பெரிய தொகை கட்டுவார்.

அத்தை: சூதாட்டம் மாதிரியே இல்லை. வரவு செலவு எழுதி நடத்துகிற கடை மாதிரி இருக்கிறது.

அம்மா: உன் ஃபோனில் அந்த மாதிரி ஆப் எதுவும் இல்லையே?

நான்: இல்லை அம்மா, சத்தியமாக. கணினியே சீட்டுப் போடும் ஆப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கலைத்துவிடும். எண்ணி வைத்து என்ன செய்வது? அங்கே பெரியப்பா சொன்ன நாணயம்தான்.

இரவு 9:25

பெரியப்பா: சின்னது இருபது, பெரியது இருபது. முழுக்கட்டையும் எண்ணினால் பூஜ்யம் வர வேண்டும், இல்லையா?

நான்: ஆமாம் பெரியப்பா. முதல் பயிற்சியே அதுதான். தேர்ந்தவர்கள் அரை நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

பெரியப்பா: எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. கூட்டல் 1 வருகிறது.

பெரியப்பா: மூன்று முறை எண்ணிவிட்டேன். அதே கூட்டல் 1.

நான்: அப்படியென்றால் நீங்கள் எண்ணியது சரி. கட்டில்தான் ஒரு பெரிய சீட்டு குறைகிறது. 10, படம், ஏஸ், இதில் ஏதோ ஒன்று.

பெரியப்பா: பிரித்து அடுக்கிப் பார்த்தேன். ஆட்டின் ராணியைக் காணோம்.

அத்தை: பொங்கலுக்குப் பிள்ளைகள் கழுதை ஆடினார்களே. சோபாவுக்கு அடியில் பாருங்கள் அண்ணா.

பெரியப்பா: கிடைத்துவிட்டாள். மறுபடி எண்ணுகிறேன், கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீர்கள்.